மலாய் என்றால் எனக்கு

வெள்ளிக்கிழமை, ஆறரை மணி.
பாயான் லெப்பாஸில் மழை.
கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவன்
கிளினிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று
கொஞ்ச நேரம் நின்றான்.
பிறகு கவுண்டரில் கைவைத்துச் சொன்னான்:
மலாய் சஞ்சோ சைன.

மலாய் வராது என்கிறான்போல.
பரவாயில்லை, இங்கிலீஷ்? என்றேன்.
திரும்பவும் அதையே சொன்னான், மெதுவாக,
காது மந்தமானவளிடம் சொல்வதுபோல.
மலாய். சஞ்சோ. சைன.

பின்னால் நின்ற சூப்பர்வைசர்
போனிலிருந்து நிமிராமல்
சாக்கிட் பெருட், கேஸ்ட்ரிக், எம்சி வேண்டாம் என்றார்.
அட்டையில் அதைத்தான் எழுதினேன்.
டம்பர் கர்த்தி, இருபத்துமூன்று, கேஸ்ட்ரிக்.
உள்ளே மூன்று நிமிடம்.
வெளியே வரும்போது கையில் வெள்ளை மாத்திரை,
எல்லாருக்கும் தருகிற அதே மாத்திரை.

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தான்.
உதடு வெடித்திருந்தது.
இந்தத் தடவை துணைக்கு லீலாராஜ்,
பட்டர்வொர்த் வாழையிலைக் கடையொன்றில்
நாலு வருஷம் தட்டுக் கழுவியவன்.
அந்தக் கடைத் தமிழில் என்னைத் திருத்தினான்:
"அக்கா, மலாய் பாஷை இல்லக்கா.
எங்க ஊர்ல மலாய்னா, எனக்கு."

எனக்கு.
சஞ்சோ, சுகம். சைன, இல்லை.
மூன்று சொல்லும்
என் வீட்டு வரிசையிலேயே நிற்கின்றன.
பதினோரு வருஷமாக இந்தக் கவுண்டரில்
சாயா சாக்கிட் கேட்டுப் பழகிவிட்டேன்,
அதில் நானும் நோயும் ஒட்டிக்கொண்டிருப்போம்.
இங்கிலீஷிலும் ஆளேதான் சிக்.
இவனுக்கோ, என்னைப் போலவே,
ஏதோ ஒன்று இல்லை, அவ்வளவுதான்.
இல்லாதது நாளைக்கு வரலாம்.

மருந்துக் கம்பெனி கொடுத்த குறிப்புத்தாளில்
தமிழெழுத்தில் எழுதிக்கொண்டேன்.
ஜொரோ ஆயோ: ஜுரம் வந்தது.
(எனக்குத் தெரிந்த ஜுரம்தான்,
அங்கே கொஞ்சம் குளிரில் நடந்து பெயர் சுருங்கியிருக்கிறது.)
டாவுகோ துக்யோ: தலைவலி.
எனக்கென்னவோ தலைக்குத் துக்கம் என்றே கேட்டது,
அடிக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.
ரிங்கடா லாக்யோ: தலைசுற்றல் பிடித்தது.
"லாக்யோன்னா பிடிச்சதா?"
"பிடிச்சது, பட்டது, ஒட்டிச்சு... எல்லாம் அதான்க்கா.
பசி லாக்யோ. தாகம் லாக்யோ. வெயில் லாக்யோ.
ஒரு பொண்ணு மேல ஆசை வந்தாலும்
மாயா லாக்யோ."
டம்பர் சிரிக்கப் பார்த்தான்.
உதடு விடவில்லை.

அதற்குள் அவன் போன் அடித்தது.
திரை முழுக்க ஒரு பெண்ணின் நெற்றி,
பின்னால் தகரக் கூரை, யாரோ கோழியை விரட்டும் சத்தம்.
ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டிய கையை
நாற்காலிக்குக் கீழே தொங்கவிட்டு
மறு கையால் போனைத் தூக்கிப் பிடித்தான்.
சஞ்சை சு, என்றான்.
சஞ்சை, சஞ்சை.
லீலாராஜ் சுவரில் டெங்கி போஸ்டரைப் படித்தான்.
அதற்கு நான் அர்த்தம் கேட்கவில்லை.
நானும் சிரம்பானுக்குப் போன் போட்டால்
முதலில் அதைத்தான் சொல்கிறேன்.

அட்டையை எடுத்துக் கேஸ்ட்ரிக்கை அடித்தேன்.
நோயாளி கூறுவது என்ற கட்டத்தில்
என்ன நினைவில் எழுதினேனோ, தமிழில்,
எனக்குச் சுகமில்லை.

டாக்டர் லோ அட்டையோடு வெளியே வந்தார்.
"என்ன இது?"
படித்துக் காட்டி, மலாயில் சொன்னேன்.
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
"யாருக்கு?"

பேனா இன்னும் என் கையில்தான் இருந்தது.
ஏழாம் நம்பர் டோக்கன் எழுந்து நின்றது.
மழை விட்டிருக்கவில்லை.
"அவருக்கு," என்றேன்.
"ரெண்டு நாள் எம்சி கொடுங்க டாக்டர்."