கற் இற் ஓஃப்

செவ்வாயும் வெள்ளியும் டியூட்டி முடிய
திருநெல்வேலிச் சந்தியில், மருந்துக்கடை மாடியில்
இங்கிலிஸ் வகுப்பு.
றொசாலினுக்கு என் வயதில் பாதி.
பலகையில் ஒரு வினையை எழுதி
பின்னால் ஒரு வாலை ஒட்டுகிறாள்:
ரேக் ஓஃப். பீல் ஓஃப். புல் அவுற்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதற்கு
இவர்கள் ஒரு சொல்லைக் கொண்டுவந்து
ஒட்டவேண்டியிருக்கிறது.

சப்பாத்தைக் கழற்றுவோம்.
பிளாஸ்ரரை உரிப்போம், கட்டை அவிழ்ப்போம்,
தையலைப் பிரிப்போம், முள்ளை எடுப்போம்,
புண்ணோடு காய்ந்துபோன துணியை
நனைத்து நனைத்து
நோகாது நோகாது என்று பொய்சொல்லி
இளக்குவோம்.
இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில்
இத்தனை வினைகளையும் கையில் வைத்திருந்தேன் என்று
அந்த வாங்கில் இருந்துதான் எண்ணிப் பார்த்தேன்.

"அக்கா, பேர் சொன்னா எங்கையும் நிக்கலாம்,
ஓஃபுக்கு முன்னாலயும் சரி, பின்னாலயும் சரி.
'இற்' எண்டா நடுவில மட்டும்தான்.
ரேக் ஓஃப் இற் எண்டு எழுதினா
மாக்ஸ் வெட்டுவினம்."
ஏன் என்று கேட்டேன்.
"அது அப்பிடித்தான்."

வியாழன் காலை
நீர்வேலியிலிருந்து ஒருவர் வந்தார், பசுபதி.
வாழைக்குலை ஏற்றிய லொறியின் பின்கதவு
கையில் விழுந்து
மோதிரவிரல் கத்தரிக்காய் நிறம்,
ஏறக்குறைய அந்தப் பருமன்.
சவர்க்காரம் போட்டேன். நூல் சுற்றினேன்.
ஐஸுக்குள் வைத்தேன்.
மோதிரம் அசையவில்லை.
குருநாகலிலிருந்து வந்த இளம் டொக்டர்
திரைச்சீலையால் எட்டிப்பார்த்து,
தமிழும் வராமல் நேரமும் இல்லாமல்
சொல்லிவிட்டார்:
கற் இற் ஓஃப்.

பசுபதி கையை இழுத்து
நெஞ்சோடு பொத்திக்கொண்டார்.
அவருக்குக் 'கற்' தெரியும்,
கரண்ட் கற் ஆகிறதுதானே.
'ஓஃப்' தெரியும், லைற்றை ஓஃப் பண்ணுகிறவர்தானே.
நடுவில் நின்றதுதான்
யாரென்று தெரியவில்லை.

"பிள்ளை, விரலையோ?"

டொக்டர் என்னைப் பார்த்தார்.
அந்த ஒரு 'இற்'றுக்குள்
விரலும் நிற்கலாம் மோதிரமும் நிற்கலாம்.
"மோதிரம் ஐயா. மோதிரத்தை மட்டும்."

அப்போதும் அவர் கையைத் தரவில்லை.
"மோதிரத்தையோ..." என்று இழுத்தார்,
விரல் என்றால்
யோசிக்கலாம் என்பதுபோல.

பிறகு தந்தார்.
சின்னச் சில்லு சுற்றத் தொடங்க
முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.
இரண்டு குறட்டால் பிடித்து விரித்தேன்.
உள்பக்கத்தில் ஒரு பெயர் வெட்டியிருந்தது.
சில்லு அதன் நடுவால்தான் போயிருக்கிறது:
இந்தப் பக்கம் நாக.
அந்தப் பக்கம் பூசணி.

மன்னியுங்கோ என்றேன்.
வாங்கிப் பார்த்தார்.
விரல் வீங்கிய மனிதன் அப்படிச் சிரித்து
நான் கண்டதில்லை.
"நான் அவவை அப்பிடித்தான் கூப்பிடுறனான், பிள்ளை.
பூசணி எண்டு."

கூப்பிடுறனான்.
எங்கள் பேச்சில் அது இன்றைக்கும் பொருந்தும்,
என்றைக்கோ முடிந்ததற்கும் பொருந்தும்.
நான் கேட்கவில்லை.
இரண்டு துண்டில்லை, ஒரே துண்டுதான், விரிந்திருக்கிறது,
கஸ்தூரியார் வீதியில் கொடுத்தால்
ஒட்டித் தருவார்கள் என்று மட்டும் சொன்னேன்.
சேர்ட் பொக்கற்றில் போட்டு
மேலால் தட்டிப் பார்த்துக்கொண்டு போனார்.

வெள்ளி பின்னேரம்
ஓஃப் வைத்து ஒரு வசனம் கேட்டாள் றொசாலின்.
த றிங் கேம் ஓஃப் என்று எழுதினேன்,
ஏதோ தானாகக் கழன்றதுபோல.
சிவப்பு மையால் சரி போட்டாள்.