ஆறடி எட்டங்குலம்

"ரெண்டும் படுக்கைதானவே,
பெறவு என்ன வித்தியாசம்?" என்றார்
பூதப்பாண்டி அண்ணாச்சி.
பேட்டையில் சிமென்ட் கடை.
மூட்டைக்கு ரெண்டு ரூபாய் ஏன் கூட என்று
கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர்.

மகள் அனுப்பிய மைல்கள்
ஒரு முதல் வகுப்புக்கும் ஒரு பிசினஸுக்கும் காணும்.
அதற்கு மேல் ஒரு சாண் நகராது.
துபாய் தாண்டி லாஸ் ஏஞ்சலிஸ்,
பதினாறு மணி நேரம்.
யார் எதில்?

திரையில் படம் காட்டினேன்.
படத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.
படுக்கை விரித்திருக்கிறது,
ஒருத்தரும் தூங்கவில்லை.

கீழே தையல் கடை அந்தோணியிடம்
இஞ்ச் டேப்பும் சாக்பீஸும் வாங்கி வந்து
மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு
மொசைக் தரையில் கோடு போட்டேன்.

இது பிசினஸ்.
ஆறடி ஆறங்குலம், அகலம் இருபத்திரண்டு.
கால்மாட்டில் குறுகும்.
பாதம் இரண்டும் ஒரு பொந்துக்குள் போகவேண்டும்.

இது முதல் வகுப்பு.
ஆறடி எட்டங்குலம், அகலம் முப்பது.

"ஆறடின்னு வாயால சொல்லாதேயும்," என்றார் அண்ணாச்சி.
"கோட்டைப் பாத்தாலே
பைபாஸ் ரோட்டு ஞாபகம் வருது."

முருகன்குறிச்சியில் இந்த மாடியில்
பதினெட்டு வருசமாக டிக்கெட் போடுகிறேன்.
நான் ஏறியது ஒரே தரம், ஷார்ஜாவுக்கு, நடு இருக்கை.
இரண்டு முழங்கைக்கும் இரண்டு பகையாளி.
ஆனாலும் மனப்பாடமாகச் சொன்னேன்:
அதில் பைஜாமா தருவார்கள்.
அதில் பசித்த நேரம் சாப்பாடு,
இதில் அவர்களுக்குத் தோதான நேரம்.
அதில் குளிக்கலாம்,
ஐந்து நிமிசம் தண்ணீர் வரும்.

"அஞ்சு நிமிசமா?
குறுக்குத்துறையில முங்குனவனுக்கு
அது காது நனையக் காணாது."

சொல்லிக்கொண்டே முதல் வகுப்பில் படுத்துவிட்டார்.
சட்டைப்பைச் சில்லறை உருண்டு
பிசினஸுக்குள் போய்ச் சாய்ந்தது.
"தாராளம்," என்றார் மின்விசிறியைப் பார்த்து.

அதுவரை வாய் திறக்காமல்
பையை மடியில் வைத்திருந்த உலகம்மாள் அக்கா கேட்டாள்:
"தம்பி, கதவு உண்டுமா?"

உண்டுக்கா, முதல் வகுப்பில். இழுத்துச் சாத்திக்கிடலாம்.

"தாழ்ப்பா?"

தாழ்ப்பாள் கிடையாது.
ஆனால் சாத்தியிருந்தால்
கேட்காமல் யாரும் திறக்க மாட்டார்கள்.

"கேக்காம," என்றாள்.
அந்தச் சொல்லை மட்டும்
பையில் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது.

"பதினாறு மணி நேரமும்?"
ஆமாக்கா.

"எந்திரிங்க," என்றாள் தரையைப் பார்த்து.

அண்ணாச்சி எழவில்லை.
என் மாத்திரையை யார் எடுத்துத் தருவா,
அங்கே இறங்கும்போது பாரம் யார் எழுதுவா,
குறட்டை விட்டா யார் தட்டி எழுப்புவா,
எல்லாம் படுத்தபடியே கேட்டார்.
அவள் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
கோட்டுக்கு வெளியே நின்றாள்,
ஆள் இருக்கிற குளியலறை வாசலில்
துண்டோடு நிற்கிறவள் மாதிரி.

டீ வந்தது. ஆறியது.
"அவ பேரையே போடும்வே," என்றார் கடைசியில்
எழுந்து உட்கார்ந்து, முதுகுச் சுண்ணத்தைத் தட்டாமல்.

பாஸ்போர்ட்டில் உள்ளபடி
எழுத்து எழுத்தாக அடித்தேன்.
பெயருக்குப் பின்னால் அவர் பெயர் இருந்தது,
அதையும் அடித்தேன்.

மறுநாள் பெருக்க ஆள் வரவில்லை.
ராதாபுரத்துப் பையன் ஒருத்தன்,
மஸ்கட்டில் வெல்டர் வேலை,
விசா நகலைச் சுருட்டிப் பிடித்தபடி
முதல் வகுப்பின் நடுவில் நின்று கேட்டான்:
"அண்ணே, எத்தனை கிலோ விடுவான்?"

முப்பது என்றேன்.

"கருப்பட்டியே எட்டு கிலோ இருக்கே," என்று
யோசித்தவன்
ஒரு காலைத் தூக்கி பிசினஸில் வைத்தான்.