உதடு உள்பக்கம்

படகை ஸ்டூரே எடுத்துக்கொண்டான்.
கார் மார்ச் கடைசி வரை எனக்கு, அப்புறம் அவனுக்கு என்று
ஹார்னோசாண்ட் வக்கீலம்மா எழுதிக் கொடுத்தாள்.
ஐம்பத்தொன்பதாம் வருஷத்து வோல்வோ அமேசான்.
சாம்பலா பச்சையா என்று
நாங்கள் கடைசிவரை ஒத்துப்போகாத நிறம்.

பிரேக் பிடித்தால் வலப்பக்கம் இழுக்கிறது.
அப்படியென்றால் நோய் இடது சக்கரத்தில்.
கழற்றினேன்.
டிரம்முக்குள் பிரேக் ஷூ
வெண்ணெய் தடவிய ரொட்டி மாதிரி கிரீஸில் கிடந்தது.

பேரிங்கில் குறையில்லை.
மண்ணெண்ணெயில் அலசி, காதோரம் சுழற்றிப் பார்த்தேன்.
ஒரு முணுமுணுப்புகூட இல்லை.
குற்றம் சீலுடையது:
தகரக் கிண்ணத்துக்குள் அழுத்திய கம்பளி வளையம்,
கறுத்து,
விரல் பட்டதும் பொடிந்தது.

புது சீல் ரப்பர். தபாலில் வந்தது, ஒன்றே ஒன்று.
அதன் உதடு கிரீஸைப் பார்த்து இருக்கவேண்டும்,
தெருவைப் பார்த்து அல்ல.
சரியாகத்தான் வைத்தேன்.
மேலே மரக்கட்டை, அதன் மேல் சுத்தி,
பன்னிரண்டு மணிப் பக்கம் ஒரு தட்டு, ஆறு மணிப் பக்கம் ஒன்று,
மூன்று, ஒன்பது,
அப்போது அவன் போன்.
"பிரேக் எல்லாம் சரியா இருக்கா?"
"இருக்கு."
அடுத்த தட்டு கோணல்.
விளிம்பு மடங்கிற்று. உதட்டைச் சுற்றியிருந்த மெல்லிய ஸ்பிரிங்
துள்ளி விறகுக் குவியலுக்குள் போயிற்று.

சனிக்கிழமை, மணி இரண்டு.
கடை ஒன்றுக்கே மூடிவிடும்.
வெளியே மைனஸ் பதினொன்று.
திங்கள் காலை அவன் வருகிறான்.

பக்கத்து வீட்டு யெர்ட் எட்டிப் பார்த்தாள்,
கையில் காபி, அவளுக்கு மட்டும்.
தகரக் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"இது நல்லாத்தானே இருக்கு,
போனது கம்பளிதானே" என்றாள். போய்விட்டாள்.

கதவுக்குப் பின்னால் ஸ்டூரேயின் பனிக்கால பூட்ஸ்.
உள்ளுறை சாம்பல் ஃபெல்ட், எட்டு மில்லிமீட்டர் கனம்.
குதிகால் தேய்ந்திருந்தது. கணுக்கால் பக்கம் கெட்டி.
கிண்ணத்தை வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டு
தையல் கத்திரியால் வெட்டினேன்.
இடது சக்கரத்துக்கு இடது கால்;
அந்த அளவுக்கு முறை தெரியும் எனக்கு.

சூடான எண்ணெயில் இருபது நிமிஷம் ஊறியது.
சமையலறை முழுக்க நனைந்த நாயின் வாசனை.
கிண்ணத்துக்குள் வளையத்தைக் கட்டைவிரலால் அமுக்கினேன்.
அடம்பிடித்தது, பிறகு உட்கார்ந்தது.
மற்றதெல்லாம் கைக்குத் தெரியும்:
புது ஷூ, புது கிரீஸ்,
சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கு,
பிறகு துளி தளர்த்து.
அந்தத் துளியை விட்டால் பேரிங் எரிந்துபோகும்.
எங்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

ஞாயிறு துறைமுகம் வரை ஓட்டினேன்.
பிரேக் பிடித்தேன். நேராக நின்றது.
திரும்பி வந்து டிரம்மைக் கழற்றினேன். உலர்ந்திருந்தது.

திங்கள் அவன் வந்தான்.
குனிந்து ஹப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.
"சீல் மாத்தினியா?"
"மாத்தினேன்."
"ரப்பரா?"
சாவியைத் தேடுவதுபோல் உள்ளே போனேன்.

"என் பூட்ஸ் இங்கேதானே இருக்கு?"
எடுத்துக் கொடுத்தேன், இரண்டையும்.
இடதுக்குள் கையை விட்டான்.
விட்ட கையை எடுக்காமல்
சக்கரத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான்.