பதினோரு வாட்

நெப்ராஸ்காவில், எங்கள் ஊரில்,
டிசம்பர் சூரியன் ஐந்து மணிக்கு இறங்கும்.
அதோடு நானும் இறங்க வேண்டும்.
லைசென்ஸ் அப்படி.
பன்றி விலை பாதியில் நின்றாலும் சரி,
திருமதி ஹவெல்கா இறந்ததைச் சொல்லிவிட்டு
அடக்கம் எந்தத் தேவாலயத்தில் என்று
இன்னும் சொல்லாவிட்டாலும் சரி.

எங்களுடையது இருநூற்றைம்பது வாட்.
கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டத் தொங்கவிடும்
சிவப்பு விளக்கு ஒன்று அதே அளவுதான்.
பகலில் அது மண்ணைப் பிடித்து ஊர்ந்து
மூன்று கவுண்டி தாண்டும்.
இருட்டினால் வானம் கண்ணாடியாகிவிடுகிறது.
நாங்கள் இங்கே தும்மினால்
அறுநூறு மைல் தள்ளி ஒரு மாநகரத்தின்
ஐம்பதாயிரம் வாட்டுக்கு மூக்கு அரிக்கிறதாம்.

ஆகவே இரவெல்லாம் எங்கள் எண்ணில்
அந்த மாநகரம் பேசும்.
எந்தப் பாலத்தில் நெரிசல் என்று சொல்லும்.
எங்களுக்கு இருப்பது ஒரே பாலம்.
அதில் நெரிசல் கிடையாது.
மார்ச் ஒன்பதாம் தேதி இரவு
பாலமும் கிடையாது.

ஆற்றுப் பனி உடைந்து
கொட்டகைக் கதவு அளவு பாளங்களாக வந்து மோதியது.
ஷெரீப் போன் செய்தார்: ஓட்டாகர், சொல்லிவிடு.
ஆபத்துக்குப் பேசலாம் என்று
விதியின் ஓரத்தில் ஒரு வரி உண்டு.
ஓடிப் போய் டிரான்ஸ்மிட்டரைப் போட்டேன்.
மில் ரோடு வேண்டாம், மில் ரோடு வேண்டாம் என்று
நாற்பது நிமிடம் சொன்னேன்.

ஐந்துக்கு அடைக்கிற கடையின் கதவை
ஒன்பதே முக்காலுக்கு யார் தட்டுவார்கள்?

லீலண்ட் சிகோராவின் பால் லாரியை
ஏப்ரலில்தான் ஆற்றிலிருந்து எடுத்தார்கள்.
ரேடியோ முள் எங்கள் எண்ணில் நின்றது.
குமிழ் அணைப்பில் இருந்தது.
பொழுது சாய்ந்தால் நாங்கள் இல்லை என்பது
அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்றிரவு என்னைக் கேட்டதாக
ஒரே ஒருவர் அஞ்சலட்டை போட்டார், ஒஹாயோவிலிருந்து.
தூரத்து நிலையங்களைப் பிடிப்பது அவர் பொழுதுபோக்கு.
"மில் ரோடு எங்கே இருக்கிறது?
தயவுசெய்து உறுதிச் சீட்டு அனுப்பவும்."
அனுப்பினேன். என்ன செய்ய?

வாஷிங்டன் விசாரணையில்
மாநகரத்தின் வக்கீல் எழுந்து
அதே சீட்டின் நகலை உயர்த்திக் காட்டினார்,
எங்களால் வரும் இடையூறுக்குச் சாட்சியாக.
கோபுரம், கோணம், மில்லிவோல்ட் என்று
நான் மனப்பாடம் செய்து போனதெல்லாம் மறந்துபோனது.
சொன்னது இவ்வளவுதான்:
வானம் எனக்கு வேண்டாம் ஐயா,
நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.
தரையில் பன்னிரண்டு மைல் கொடுங்கள்.
தினமும் கொடுங்கள். வெள்ளம் வராத நாளிலும்.
பள்ளிக்கூடத்துப் பாஸ்கெட்பால் ஸ்கோர் சொல்லி,
தொலைந்த நாயின் நிறம் சொல்லி,
குமிழைத் திருப்பும் பழக்கத்தை
அவர்கள் விரலுக்குக் கொடுக்கிறேன்.
மற்றது தானாக வரும்.

பதினாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது.
இரவுக்குப் பதினோரு வாட்.
பதினொன்று.
ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே எரியும் பல்புகூட
அதைவிடப் பிரகாசம்.
வ்லாஸ்தா சிரித்துவிட்டு மைக்கின் முன் உட்கார்ந்தாள்.
நான் வண்டியை எடுத்தேன்.

தண்ணீர்த் தொட்டி வரை கணீரென்று இருந்தாள்.
தானியக் கிடங்கைத் தாண்டியதும்
பின்னால் யாரோ டிரம்பெட் ஊதினார்கள்.
புதுப் பாலத்தின் நடுவில்
மாநகரம் அவளை மூடிவிட்டது.
வண்டியை நிறுத்தி, இன்ஜினையும் அணைத்தேன்.

கீழே தண்ணீர்.
அதற்கு மேல், டிரம்பெட்டுக்கு அடியில்,
நாளைய பள்ளி மதிய உணவு:
வெண்ணெய் தடவிய மக்காச்சோளம்,
பீச் பழம் பாதி.

அடுத்த விண்ணப்பத்தை
ஸ்டியரிங் மேல் தாளை வைத்தே தொடங்கினேன்.
முதல் வரி:
இன்ஜினை அணைத்தால் கேட்கிறது, ஐயா.