மூன்றாம் வரிசை, அறுபத்தொன்றாம் கட்டம்

போர்ட் லூயியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
ஊருக்கெல்லாம் திறந்துவிட்டார்கள் அந்தப் பள்ளத்தை.
போன மாதம்வரை அது கார் நிறுத்துமிடம்.
தாரை உரித்தார்கள்; கீழே சரளை,
சரளைக்குக் கீழே ஆலைச் சாம்பல்,
அதற்கும் கீழே,
பிரெஞ்சுக்காரன் வரைபடத்தில்
'மலபார் முகாம்' என்று சாய்வெழுத்தில்
இரண்டே சொல்லாய் இருந்த தெரு.

எனக்குக் கொடுத்த வேலை எளிது:
ஒரு கறையைக் காவல் காப்பது.

நான்கு ஆணி, ஒரு மஞ்சள் கயிறு,
நடுவில் சிவந்த மண்ணில்
ஒரு சாண் அகலத்துக்குக் கருத்த வட்டம்,
தோசைக்கல்லை இறக்கிவைத்த தடம் போல.
"கம்பம் நட்ட குழி" என்றாள் ஜோசியான்,
முழங்காலில் மண்ணும் காதில் பென்சிலுமாய்.
"மரம் மக்கிப் போச்சு, மக்கின நிறம் மட்டும் நிக்குது.
யாரும் மிதிக்காம பாத்துக்கோங்க, மதாம்."
அவள் சொன்னது கிரியோலில்.
தமிழில் எழுதும்போது
அவள் குரல் கொஞ்சம் என் குரலாகிவிடுகிறது.

கூட்டமெல்லாம் மேசையருகே.
அங்கே சுண்ணக்குழாய்த் துண்டு, நீலப்பூ பீங்கான்,
ஒயின் சீசாவின் பச்சை அடி,
வெட்டுத் தழும்போடு ஒரு மாட்டுத் தாடை.
என்னிடம் வந்த முதல் ஆள் டாக்சிக்காரர் நஸீர்.
குனிந்தார், மோந்தும் பார்த்தார்.
"என்ஜின் ஆயில்" என்றார். "கேஸ்கெட் போயிருக்கும்."
இருநூறு வருஷத்துக் கறை என்றேன்.
"அப்போ ரொம்பப் பழைய வண்டி."

கோவில் சங்கத்துச் செயலாளர் வைரக்கண்ணு வந்தார்,
பட்டுச் சட்டை, இரண்டு கைபேசி.
எழுத்து ஏதாவது?
இல்லை.
ஒரு வேல்? விளக்கு? ஒரு பித்தளைக் கிண்ணியாவது?
ஒரு வட்டம் இருக்கிறது, என்றேன்.
மேசைப் பக்கம் போனவர் தாடையைப் பார்த்துவிட்டார்.
"இது நம்ம ஆளுங்க அடுப்பு இல்ல."
"அதே அடுக்கு, அதே சாம்பல்" என்றாள் ஜோசியான்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மதியம் ஆள் குறைந்தது. தால்பூரி ஆறியது.
வரி அலுவலகத்தில் எனக்கு இருபத்தாறு வருஷம்.
என் மேசைக்கு வருகிற எவருக்கும் ஓர் எண் உண்டு,
செத்தவருக்கும்.
இந்தக் குழியைத் தோண்டியவருக்கு இல்லை.
ஆணா பெண்ணா, கல்தச்சனா, அவன் துணி துவைத்தவளா?
தெரிவது இவ்வளவுதான்:
ஒரு பக்கம் மட்டும் மூன்று கல் முட்டு,
காற்று தள்ளும் பக்கம்.
ஆகவே இது இரண்டாம் முறை நட்ட கம்பம்.
முதல் கம்பத்தைப் புயல் கொண்டுபோயிருக்கிறது.
இது என் ஊகம். ஜோசியான் ஏட்டில் 'கல் - 3'
என்று மட்டும் எழுதிக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் பூஸ் மலையிலிருந்து இறங்கியது மழை.
எல்லோரும் கூடாரத்துக்குள்.
நான் தார்ப்பாயைத் தேடிக்கொண்டிருக்க
நஸீர் ஓடிவந்து குடையை விரித்தார்,
எனக்கல்ல, தனக்குமல்ல.
வட்டத்தின் மேல் பிடித்தபடி தொப்பலாக நின்றார்.
"நனையட்டும்! நனையட்டும்!" கத்தினாள் ஜோசியான்,
கேமராவைச் சட்டைக்குள் மறைத்தபடி.
"ஈரத்துலதான் ஓரம் தெரியும்!"

குடையை விலக்கினார்.
மண் வெளுப்பு கலைந்து சிவந்தது.
வட்டம் கருத்தது, கருத்தது,
இப்போதுதான் யாரோ பிடுங்கிக்கொண்டு போன மாதிரி.
கொஞ்ச நேரம் நாங்கள் மூவரும் பேசவில்லை.
பிறகு நஸீர் சொன்னார்,
"ஆயில் இல்ல."

பெயிண்ட் துணி விரித்து, மணல் கொட்டி மூடினார்கள்.
தார் போட்டார்கள். வெள்ளைக் கோடு, எண்கள்.
எனக்கு மாதச் சீட்டு உண்டு.
மேலே எத்தனை டயர் உருண்டாலும்
அதற்கு ஒன்றும் ஆகாது என்று தெரியும்;
படித்தவள்தான் நான்.
இருந்தாலும் காலை எட்டேகாலுக்கு
அறுபத்தொன்றில் வண்டியை நுழைக்கும்போது
ஸ்டியரிங்கை ஒரு சாண் இடப்பக்கம் ஒடிக்கிறேன்.
காவலாள் விசில் ஊதுகிறான்:
"மதாம், கோணல்! கோணல்!"
தெரியும், என்று கண்ணாடியை ஏற்றுகிறேன்.