அறையைக் காலி செய்த பிறகு

பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்தாயிற்று.
பேருந்து இரவு எட்டரைக்கு.
நடுவில் கிடக்கிற எட்டரை மணி நேரம்
யாருடைய கணக்கிலும் இல்லை.
லாட்ஜ் மேசைக்கடியில் பைகளைத் தள்ளிவிட்டு
மஃப்ளரை இறுக்கிக்கொண்டு
"இனிமே எங்க?" என்றார்.
"எங்கயும் வேண்டாம், சும்மா நடப்போம்."
மூன்று நாளில் நான் சொன்ன
முதல் யோசனை அதுதான்.

பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்துவிட்டோம்:
ஏரி, பூங்கா, தொட்டபெட்டாவில்
மேகத்துக்குப் பின்னால் இருப்பதாகச் சொன்ன ஊர்கள்.
இன்றைக்கு, பார்க்கத் தேவையில்லாதவை.
தகரக் கூரையில் காயாமல் கிடக்கும் பள்ளிக்கூட ஸ்வெட்டர்கள்.
வெள்ளைக்காரன் காலத்துக் கல்வீட்டுச் சுவரில்
ஒரு மின்சார மீட்டர்.

மீட்டரைக் கண்டால் அவருக்குக் கால் நகராது.
அருப்புக்கோட்டையில் இருபத்தெட்டு வருஷம்
வீடு வீடாய் ரீடிங் எடுத்தவர்.
கண்ணாடியைத் துடைத்துக் குனிந்து பார்த்து
"உள்ள ஆளில்ல" என்றார்.
சக்கரம் நிற்கிறதாம்.
"ஒத்த பல்பு எரிஞ்சாலும் மெல்லச் சுத்தும்."

என் வீட்டுக்கும் வந்திருக்கிறார்,
இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை,
வெள்ளை அட்டையில் எண்ணை எழுதிவிட்டுப் போக.
அந்த வருஷங்களில்
சக்கரம் எப்படிச் சுற்றியதென்று
நான் இன்னும் கேட்கவில்லை.

மேட்டின் மேல் மஞ்சள் பூசிய தேவாலயம்.
உள்ளே மெழுகு வாடை, ஈர மரத்தின் வாடை.
காவலர் வந்து அண்ணாந்து காட்டினார்:
"இந்த உத்தரமெல்லாம் ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையில
பேத்தெடுத்ததுன்னு சொல்லுவாங்க.
யானை கட்டி இழுத்து வந்தாங்களாம்."
விழுந்த வீட்டு மரம்
இத்தனை காலமாய்
வேறொரு கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.
விரிசல் இருக்கிறதா என்று தேடினேன்.
இருந்தது.
"நல்ல வைரம் பாஞ்ச மரம்" என்றார் அவர்.
"ம்" என்றேன்.
அதற்குமேல் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.
காவலர் மட்டும்
சில்லறைக்காக நின்றார்.

நாலரைக்கு மார்க்கெட்டில் மேகம் இறங்கியது.
முதலில் கூரைகள் போயின,
அப்புறம் பெயர்ப்பலகைகள்,
அப்புறம் எதிர்வரிசைக் கடை முழுசும்.
வர்க்கி வாங்கிவிட்டுத் திரும்பினால்
பக்கத்தில் ஆளைக் காணோம்.

"என்னங்க" என்று கூப்பிட்டேன்.
நான்கு பேர் திரும்பினார்கள்,
நான்கு பேரும் குரங்குக் குல்லாய்.
ஒருவரும் அவரில்லை.

அந்தச் சொல்லை முன்பே ஒருவருக்காகச்
செலவழித்து முடித்துவிட்டேன்.
பதினாறு வருஷம் சொல்லி,
கடைசியில் மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில்
பதில் வராமல் நின்றுபோனது.
இவரைக் கட்டி ஐந்து மாதமாகிறது.
எதையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
தம்ளரை நங்கென்று வைப்பேன், வந்துவிடுவார்.
இந்த மேகத்துக்குள்
தம்ளருக்கு எங்கே போவேன்?

"தவசிலிங்கம்!"

அட்டையில் கிறுக்கலாய்ப் படித்த பெயர்
என் வாயில் அவ்வளவு சத்தமாய் இருந்தது.
முட்டைக்கோஸ்காரி நிமிர்ந்து பார்த்தாள்.
முதலில் இலையோடு ஒரு கேரட் கட்டு தெரிந்தது,
பிறகு கை,
அப்புறந்தான் ஆள்.
"ஆபீஸ்லேர்ந்து யாரோ கூப்பிடுறாங்கன்னு
பயந்தே போனேன்" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்தது; மூக்கிலும் தண்ணீர் வந்தது.
குளிர்தான்.

பேருந்து நிலையத்துச் சிமெண்டு பெஞ்சு
உட்காரவிடாமல் சில்லிட்டது, ஆனாலும் உட்கார்ந்தோம்.
இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.
அதை என்ன செய்வதென்று
அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
ஒரு கேரட்டைக் கைக்குட்டையில் துடைத்து
மளுக்கென்று ஒடித்து
பெரிய பாதியை என்னிடம் கொடுத்தார்.
சரியாகத் துடைக்கவில்லை.
மண் கொஞ்சம் பல்லில் நறநறத்தது.