நாணயம்

கள்ளப் பணம் அடித்தான் என்று
எட்டு வருடம் போட்டார்கள் எமெத்தேரியோவுக்கு.
நாலாம் வருடம்
கார்தஹேனா நகரம் தனிக்கொடி ஏற்றியது.
கால்விலங்கை வெட்டி
கையில் சம்மட்டியைக் கொடுத்து
"அடி" என்றார்கள்.

மலைச்சுரங்கத்து வெள்ளி.
ஈயம் கலக்கக் கை தானாக நீண்டது,
மடக்கிக்கொண்டான்.

துறைமுகத்தில் குண்டு விழுந்த அதிர்வில்
ஒரு காசில் எழுத்து கோணிப்போயிற்று.
அதை மட்டும் திரும்ப உருக்கவில்லை.

ஐந்து பெசேத்தா.
தராசில் வைத்தால்
மாட்ரிட் காசைவிட ஒரு கடுகு கூடத்தான் நிற்கும்.

ஜனவரியில் நகரம் விழுந்தது.
மிச்ச நாலு வருடத்துக்குப்
பெயர் எழுதிக்கொண்டார்கள்.
சட்டைப்பையைத் துழாவிய சிப்பாய்
கோணல் காசைப் பல்லால் கடித்துப் பார்த்தான்.
"வெள்ளிதான். ஆனால் இது செல்லாதே"
என்றபடி
தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.